மாத்திரைக்கு ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

டாக்டர், என் எலும்பு கரைந்ததற்கு நீங்கள்தான் காரணம். என் குறை என்னோடு பிறந்தது. அதற்கு யார்மீதும் பழி இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவலை என் அம்மா உங்கள் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். நீங்கள் சிரித்துவிட்டு அதைத் தள்ளிவிட்டீர்கள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

கிள்ளானில் உங்கள் பழைய கிளினிக். எனக்குப் பதினாறு வயது முடிந்திருந்தது. என் வயதுச் சொந்தக்காரப் பெண்கள் எல்லோருக்கும் சடங்கு முடிந்து, போட்டோ ஆல்பம்கூட வந்துவிட்டது. எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கை கால் மட்டும் நீண்டுகொண்டே போனது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி அதுதான். அம்மா பதில் சொல்ல முடியாமல் என்னை உங்களிடம் இழுத்து வந்தார்.

"இன்னும் வயசுக்கு வரல டாக்டர். எனக்கு பயமா இருக்கு."

"சாப்பாடு ஒழுங்கா சாப்பிடறாளா?"

"எங்க சாப்பிடறா? இவளுக்கு எதுலயும் கவனமே இல்ல டாக்டர். அடுப்புல சோறு தீஞ்சு வீடே பொகையா நிக்குது, இவ அடுப்புக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்து படிச்சிக்கிட்டு இருக்கா. கேட்டா வாசமே வரலங்கறா. சரியான மூக்கு செத்த பொண்ணு."

நீங்கள் சிரித்தீர்கள். "விடுங்கம்மா, படிக்கிற புள்ள லா. அப்படித்தான் இருக்கும்."

என் அம்மா அன்று இரண்டு புகார் சொன்னார். பெண் வயதுக்கு வரவில்லை. பெண்ணுக்கு வாசம் தெரியவில்லை. ஒரே மூச்சில் சொன்னார். அந்த இரண்டும் ஒரே நோயின் இரண்டு முனைகள் என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவ மாணவர்கள் படிக்கிற பாடத்தில் இருக்கிற விஷயம் அது.

நீங்கள் மாத்திரை எழுதிக் கொடுத்தீர்கள். "இத சாப்பிடட்டும். நிறுத்துனதும் வந்துரும். நீங்க மண்டபத்துக்குச் சொல்லி வைக்கலாம்."

சொன்னபடி வந்தது. அம்மா அழுதுவிட்டார், சந்தோஷத்தில். மாமா தட்டு வரிசையோடு வந்தார். மண்டபம், மேளம், வீடியோக்காரர், மஞ்சள் தண்ணீர், என்னைவிடக் கனமான பட்டுப் புடவை. கிள்ளானில் எங்களுக்குத் தெரிந்த அத்தனை பேரும் வந்து சாப்பிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் மாத்திரை இல்லை. ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. மறுபடியும் உங்களிடம் வந்தோம். "கல்யாணம் ஆனா செட்டாயிடும்" என்றீர்கள்.

அந்த மாத்திரை என்ன செய்தது என்று இப்போது எனக்குத் தெரியும். ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்து நிறுத்தினால் இரத்தம் வரும். உடம்பு தானாக எதையும் தொடங்கவில்லை. ஓடாத இஞ்சினைத் தள்ளிவிட்டு, வண்டி ஓடுகிறது என்று சொன்ன கதை.

அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் நடந்தது. சடங்கு முடிந்துவிட்டதால் இனி யாரிடமும் வாய் திறக்க முடியாது. இன்னொரு டாக்டரிடம் போனால் "எப்போ வயசுக்கு வந்த?" என்று கேட்பார்கள். அம்மா என் கையை அழுத்துவார். நான் சடங்கு நடந்த வருஷத்தைச் சொல்வேன். அவர்களும் எழுதிக்கொள்வார்கள். ஊரைக் கூட்டிச் சீர் வைத்துச் சாப்பாடு போட்ட பிறகு, நடந்தது உண்மை இல்லை என்று எந்தத் தாய் சொல்வாள்? எங்களுக்குச் சடங்கு என்பது சர்ட்டிபிகேட் மாதிரி. கொடுத்தால் கொடுத்ததுதான்.

"உனக்கே தெரியாதா, வாசம் வரவில்லை என்று?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். தெரியாது. பிறந்ததிலிருந்து இல்லாத ஒன்று இல்லை என்று எப்படித் தெரியும்?

ரப்பர் பேக்டரி இருக்கிற ரோட்டில் ஸ்கூல் பஸ் போகும்போது எல்லாப் பிள்ளைகளும் மூக்கைப் பொத்துவார்கள். நானும் பொத்துவேன். அந்த இடத்தில் செய்ய வேண்டிய ஒரு பழக்கம் என்று நினைத்தேன், கோயிலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வதுபோல. டுரியான் பழத்தை வெட்டினால் அதன் வாசத்துக்குப் பாதிப் பேர் "வாவ்" என்பார்கள், பாதிப் பேர் ஓடுவார்கள். நான் "வாவ்" கட்சி. அது இனிப்பாக, வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக இருக்கும், அவ்வளவுதான். மல்லிகையைக் கொடுத்தால் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடித் திறப்பேன். வாசம் என்பது ஒரு மரியாதைச் சொல் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். விருந்து வீட்டில் சமையல் சுமாராக இருந்தாலும் நல்லா இருக்கு என்று சொல்வதில்லையா, அப்படி.

இன்னொன்றும் என்னை ஏமாற்றியது. அம்மா மிளகாய் தாளித்தால் எனக்கும் இருமல் வரும். வெங்காயத்துக்கு எனக்கும் கண்ணீர் வரும். தலைவலித் தைலம் தேய்த்தால் மூக்குக்குள் ஜில்லென்று திறந்துகொள்ளும். மற்றவர்கள் வாசம் என்று சொல்வது இதைத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்து போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு அனுப்புகிற ஒரு பார்வர்டிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். கண்டெய்னர் பத்திரங்களைச் சரிபார்க்கிற வேலை. கருவாட்டுக் கண்டெய்னரைத் திறந்தால் லோரி டிரைவர்கூடத் தள்ளிப் போய் நிற்பார். நான் கதவுக்கு நேராக நின்று சீல் நம்பர் பார்ப்பேன். "ஏ இரும்பு மூக்கு, உள்ள போய் படுத்துக்க லா" என்பார் டிரைவர் அண்ணன். எனக்குப் பெருமையாக இருக்கும். தைரியம் என்று நினைத்தேன்.

போன வருஷம் பிரிக்பீல்ட்ஸில் மழையில் கடை நடைபாதையில் கால் வழுக்கியது. பெரிய விழுதல்கூட இல்லை. கையை ஊன்றினேன், மணிக்கட்டு உடைந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடியும் படத்தைப் பார்த்தார். இப்படி உடைகிற வயதா இது என்றார். எலும்பின் அடர்த்தியைப் பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். கிழவியின் எலும்பு என் உடம்பில் இருந்தது. பெண்ணின் ஹார்மோன் இல்லாவிட்டால் எலும்பு சேராது. சேர வேண்டிய வயதெல்லாம் எனக்கு வெறுமனே போயிருந்தது. என்னை ஹார்மோன் கிளினிக்குக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு மலாய் டாக்டர், என்னைவிடச் சின்னப் பெண். மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். நான் வழக்கம்போல சடங்கு வருஷத்தைச் சொன்னேன். "மாத்திரை இல்லாமல் எப்போதாவது வந்ததா?" என்றார். அப்படி யாரும் கேட்டதில்லை. இல்லை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"காக், போலே பாவ் தக்?"

அக்கா, உங்களுக்கு வாசம் தெரியுமா? அவ்வளவுதான் கேள்வி. தெரியும் என்றேன். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, சின்னப் புட்டிகளை ஒவ்வொன்றாக மூக்கடியில் பிடித்தார். கண்ணை மூடியதும்தான் தெரிந்தது, நான் இத்தனை காலம் அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் வாசம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று. முகங்கள் இல்லாமல் என்னிடம் ஒன்றும் இல்லை. முதல் புட்டிக்கு "ஒன்றும் இல்லை" என்றேன். அடுத்ததற்கு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "சோப்பு" என்றேன். முதலில் காட்டியது காபித் தூள். சோப்பு என்று நான் சொன்னது காலிப் புட்டி.

பிறகு தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் அடியில், மூக்குக்கு மேலே, இரண்டு சின்னக் குமிழ்கள் இருக்க வேண்டுமாம். என் படத்தில் அந்த இடம் காலியாக இருந்தது.

அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். அதற்குப் பிறகு நானும் கிடைத்ததை எல்லாம் படித்தேன். கோபத்தில் படித்தால் எல்லாம் மண்டையில் ஏறுகிறது. புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

மூக்கின் மேல்கூரையில் வாசனை நரம்பணுக்கள் இருக்கின்றன. நம் உடம்பில் வாசனை வாங்கிகளுக்கென்றே சில நூறு மரபணுக்கள் உண்டு. எலிக்கு நம்மைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆனால் ஒரு நரம்பணு அவற்றில் ஒன்றை மட்டும் திறந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிடும். அந்த ஒரு மரபணுவைப் பார்த்துச் செய்த புரதம்தான் அணுவின் மேல் வாங்கியாக நிற்கிறது. காற்றில் வருகிற மூலக்கூறு அதில் வந்து உட்கார்ந்தால் அணுவுக்குள் சின்ன மின்சாரம் ஓடும். மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் சல்லடைபோல் ஓட்டை உள்ள ஓர் எலும்பு. நரம்புகள் அந்த ஓட்டைகள் வழியே மேலே ஏறும். ஒரே வாங்கியை வைத்திருக்கிற அணுக்கள் மூக்கில் எங்கெங்கோ சிதறிக் கிடந்தாலும், அவற்றின் கம்பிகள் குமிழில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். எந்தப் புள்ளிகள் சேர்ந்து எரிகின்றன என்பதை வைத்து, இது சாம்பிராணி, இது கெட்டுப்போன மீன் என்று மூளை சொல்லும்.

மிளகாய் நெடி அந்த வழி இல்லை. அது வேறு நரம்பு. சூட்டை உணர்கிற ஒரு புரதத்தை மிளகாயும் திறக்கிறது. குளிரை உணர்கிற இன்னொன்றைத் தைலத்தில் இருக்கிற புதினா உப்பு திறக்கிறது. நான் வாசம் என்று நினைத்திருந்தது எரிச்சலும் குளிரும்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஒரு பெண்ணை வயதுக்கு வரவைக்கும் கட்டளை மூளையின் அடியில் இருக்கிற ஒரு சிறு உயிரணுக் கூட்டத்திலிருந்து புறப்படுகிறது. அந்த அணுக்கள் மூளையில் பிறப்பதில்லை. கருவில், மூக்கு உருவாகிற இடத்தில் பிறக்கின்றன. பிறந்து, வாசனை நரம்போடு கிளம்பும் இழைகளைப் பிடித்துக்கொண்டு, நடந்து நடந்து மூளைக்குள் போகின்றன. எலிக் கருவில் இந்தப் பயணத்தைப் பார்த்திருக்கிறார்கள். மனிதக் கருவிலும் அதேதான். எனக்கு அந்த இழைகள் குமிழ்வரை போகவில்லை. அதனால் குமிழ் வளரவில்லை. அவற்றைப் பிடித்து நடக்க வேண்டியவையும் போய்ச் சேரவில்லை. எங்கள் போர்ட்டுப் பாஷையில் சொன்னால், சரக்கு இறங்கிவிட்டது, கிடங்குக்கு ரோடு இல்லை.

எந்த மரபணுவில் பிழை என்று தேடினார்கள். கிடைக்கவில்லை. நிறையப் பேருக்குக் கிடைப்பதில்லையாம். பதில் கிடைக்காமல் போவதும் எனக்குப் பழகிவிட்டது.

அம்மா நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் என்னை உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, அவரே பரீட்சை வைத்தார்.

"இது என்னா?"

"தைலம்."

"பாத்தியா! அந்த டாக்டரம்மாவுக்கு என்னா தெரியும்? சின்னப் புள்ள லா அது."

"அம்மா, அது ஜில்லுனு இருக்கு. அதான் தெரியுது. வாசம் இல்ல."

"ஜில்லுனு இருக்கறதுதான்டி வாசம். சரி, இரு." தட்டின் மூடியைத் திறக்கிற சத்தம். "இது?"

"ஒண்ணும் இல்லயே."

"நல்லா இழுத்துப் பாரு."

"தண்ணியா?"

கண்ணைத் திறந்தேன். கையில் வறுத்த பெலாச்சான். எறா விழுதைப் புளிக்கவைத்துச் செய்த கட்டி. வறுத்தால் தெருவே தெரிந்துகொள்ளும்.

"பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலச் சாத்திட்டாடி" என்றார் அம்மா. "உனக்கு தண்ணியா?"

நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டார். நான் என் எலும்பைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அம்மா கேட்டது வேறு.

"அப்போ நாம மாத்திரைக்கா மஞ்சத்தண்ணி ஊத்துனோம்?"

அம்மாமேல் கோபப்பட முயன்று பார்த்திருக்கிறேன், முடியவில்லை. அவர் உங்களை நம்பினார். நம்பியதற்கு மேளம் வைத்தார். நான் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விடுவேனோ என்று பயந்தோ என்னவோ, அன்று மதியம் பெலாச்சான் சம்பாலைச் செய்து முடித்து எனக்கு அதிகமாகவே வைத்தார். உப்பும் காரமும் நன்றாகத்தான் இருந்தன.

இப்போது நான் ஹார்மோன் எடுத்துக்கொள்கிறேன். எலும்பு இதற்கு மேல் கெடாமல் இருந்தால் போதும் என்கிறார்கள். போனது முழுக்கத் திரும்பாது. பதினாறு வயதில் தொடங்கியிருந்தால் கதையே வேறு. குழந்தையைப் பற்றி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். அதற்கும் ஊசி வைத்தியம் இருக்கிறது, அது என் சொந்த விஷயம்.

இதோடு விட்டிருப்பேன். உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்து வாயை மூடியிருப்பேன். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஒரு சங்கத்தின் மாதர் பிரிவு நடத்திய பெண்கள் ஆரோக்கியக் கூட்டத்துக்கு வந்தேன். நீங்கள்தான் சிறப்புப் பேச்சாளர். மாலை போட்டார்கள். நன்றாகப் பேசினீர்கள், நீரிழிவு, இரத்த அழுத்தம் எல்லாம். கேள்வி நேரத்தில் காஜாங்கிலிருந்து வந்த ஓர் அம்மா எழுந்தார். பக்கத்தில் அவர் மகள், தலையைக் குனிந்தபடி.

"பொண்ணுக்குப் பதினாறு ஆச்சு டாக்டர், இன்னும் ஒண்ணும் ஆகல."

நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். "சில பேருக்கு லேட்டா வரும். பயப்பட வேணாம். மாத்திரை இருக்கு. மண்டபம் புக் பண்ணிட்டு வந்து சொல்லுங்க, நாள் பாத்து வர வச்சிரலாம்."

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அந்தப் பெண்ணின் காது சிவந்தது. நான் எழுந்து நாற்காலி வரிசைகளுக்கு நடுவே இருந்த மைக்குக்குப் போனேன்.

"டாக்டர், அந்தப் பொண்ணுக்கு வாசம் தெரியுமான்னு கேட்டீங்களா?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "என்னாடி கேள்வி இது, சமையல் போட்டியா?" இன்னும் சிரிப்பு.

"என்னைக் கேக்கல டாக்டர். எனக்கும் மாத்திரைதான் குடுத்தீங்க. எனக்கு இப்போ எலும்பு போச்சு."

உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். முகம் படிப்பதில் எனக்கு நல்ல பழக்கம். "பர்சனல் கேஸ் எல்லாம் இங்க பேச வேணாம்மா. கிளினிக்குக்கு வாங்க" என்றீர்கள். அறிவிப்பாளர் என் கையிலிருந்து மைக்கை வாங்கி, அடுத்தது லக்கி டிரா என்றார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அந்தத் தாயையும் மகளையும் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"அக்கா, ஒரு நிமிஷம். தங்கச்சி, உனக்கு வாசம் தெரியுமா?"

அவள் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள். "தெரியுமே. பின்னால வடை பொரிக்கிறாங்க. எண்ணெய் பழசு போல."

எனக்கு ஒரு நொடி ஏமாற்றமாக இருந்தது. என்னைப்போல் இன்னொருத்தி கிடைத்தாள் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டிருக்கிறேன். அசிங்கமான ஆசை. அடுத்த நொடி நிம்மதி வந்தது. அதற்கு அடுத்த நொடி மறுபடியும் கோபம். இவளுக்கு என் நோய் இல்லை. அப்படியானால் என்ன? தைராய்டா, கருப்பையா, வெறும் தாமதமா? அதைக் கண்டுபிடிக்க வேண்டாமா? மாத்திரையைக் கொடுத்து இரத்தம் வரவைத்துவிட்டால் இவள் வாயையும் மண்டபம் வைத்து மூடிவிடுவார்களே.

"அக்கா, மாத்திரைக்கு முன்னாடி பெரியாஸ்பத்திரில ஹார்மோன் கிளினிக் போங்க. ரத்தம் எடுத்துப் பாக்கட்டும். ஸ்கேன் பண்ணட்டும். அதுக்கப்புறம் மண்டபம்."

"ஆனா டாக்டர் பெரிய டாக்டர் லா. மேடையிலயே சொன்னாரே."

"அதான் அக்கா பிரச்சனை."

யோசிக்கிறேன் என்று சொல்லிக் காரில் ஏறினார். போனாரா இல்லையா தெரியாது. என் போன் நம்பரைக் கேட்கவில்லை. என் பேச்சைவிட உங்கள் மாலை அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்கும். நானும் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

அதனால்தான் எழுதுகிறேன். கிளினிக்குக்கு வரச் சொன்னீர்கள். வரமாட்டேன். அந்த அம்மா கேட்டது மைக்கில். நீங்கள் மாத்திரை சொன்னது மைக்கில். கூட்டம் சிரித்ததும் மைக்கில் வந்ததற்குத்தான். ஆகவே உங்கள் பதிலும் அங்கேதான் வர வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் மேடை ஏறும்போது சொல்லுங்கள். வயதுக்கு வராத பெண்ணை உங்களிடம் கூட்டி வந்தால், மாத்திரை எழுதுவதற்கு முன் என்ன சோதிக்கிறீர்கள்? யாருக்காவது இரத்தம் எடுத்துப் பார்த்தீர்களா? யாரையாவது பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினீர்களா? வாசம் தெரிகிறதா என்று ஒரு பெண்ணிடமாவது கேட்டிருக்கிறீர்களா? சடங்கு முடிந்து அனுப்பிய பெண்களை மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்தீர்களா? காஜாங்கிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள். ஆனால் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், டாக்டர்.